ஹாக்ஸ்டன் மருத்துவர்

வரலாறு படிக்கும் மாணவன் மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை எழுத வந்தது ஏன் என்று ஆண்டு மலர்க் குழுவிலுள்ள ஆசிரியர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். மன்னர்களைப் பற்றியும் புரட்சிகளைப் பற்றியும் எழுத வேண்டியவன் நான். ஆனால் நான் எழுதப் போகும் மருத்துவரும் ஒரு புரட்சியின் ஓரத்தில் நின்றவர். மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் அமைச்சர்கள் முன்னிலையில் நின்று பதில் சொன்னவர். இது ஒரு காரணம். மற்றொரு காரணம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நாளிதழை உரக்கப் படிப்பது அவர் வழக்கம். எழுத்தறியாதவர்கள் மட்டும் கேட்க வந்தார்கள் என்று எண்ண வேண்டாம்; காலையிலேயே அதே இதழைப் படித்து முடித்தவர்களும் வந்து உட்காருவார்கள். சட்டமன்றச் செய்தியானால் எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்விக்கு ஒரு குரல், அமைச்சரின் பதிலுக்கு ஒரு குரல். விலைவாசிச் செய்தியானால் தொகையைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்துவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வெண்பாவைச் சீர் பிரித்துச் சொல்லும்போது வலக்கை விரல்கள் தொடையில் தாளமிடும். செய்தி எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்கு உயிர் கொடுத்தது அவர் குரல்.

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் பள்ளியில் முதலாவதாக வந்தேன். ஓடிவந்து அவரிடம் சொன்னேன். மிக்க மகிழ்ச்சி என்றார். அதை எப்படிச் சொன்னார் தெரியுமா? நியாயவிலைக் கடைப் பலகையில் எழுதியிருக்கும் இருப்பு விவரத்தைப் படிப்பதுபோலச் சொன்னார். முகத்திலும் சிரிப்பில்லை. தமிழ் இலக்கியம் எடுக்காமல் வரலாறு எடுக்கப் போகிறேன் என்று முதல் நாள் சொல்லியிருந்தேன்; அந்தக் கோபம் என்றே முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு நான் அவர் பக்கத்தில் சென்று உட்காரவில்லை. பெரியவருக்கு நம்மேல் பற்று விட்டுப்போயிற்று என்று அப்பா சொன்னார். தாத்தாவோ வீட்டில் எல்லாருக்கும் காது மந்தமாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். படிப்பகத்தில் கேட்போர் கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு அவரும் போவதை நிறுத்திக்கொண்டார்.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடத் தொடங்கிய பிறகுதான் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நரம்பியல் மருத்துவர் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிக் கேட்டார், எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். பார்க்கின்சன் என்ற அந்தப் பெயரை நான் முதலில் ஏதோ மருந்தின் பெயர் என்றே நினைத்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்தபோது, அந்த மனிதர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் இலண்டன் நகரின் வடகிழக்கு விளிம்பிலிருந்த ஹாக்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் பார்க்கின்சன் அங்கே மருந்து கொடுத்தும் சிறு அறுவை செய்தும் வந்த மருத்துவர். ஹாக்ஸ்டன் அந்நாளில் தோட்டங்களும் பழைய வீடுகளும் நிறைந்த இடம். பிறகு நகரம் வளர வளர ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதியாயிற்று. இந்த மாற்றம் முழுவதையும் ஒரே சதுக்கத்தில் இருந்தபடி பார்த்தவர் பார்க்கின்சன். பிறந்த ஊரிலேயே படித்து, அங்கேயே வைத்தியம் செய்து, கடைசியில் அந்தப் பகுதியின் தேவாலயத் தோட்டத்திலேயே அடக்கமானார். பெரிய மருத்துவமனைப் பதவி எதையும் அவர் வகித்ததில்லை. நம்மூரில் தெருவுக்குத் தெரு கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய மருத்துவர் ஒருவர் இருப்பாரே, அப்படிப்பட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தையிடமே தொழில் பழகினார். இலண்டன் மருத்துவமனையில் சில மாதங்கள் பயின்றார். 1784இல் அறுவை மருத்துவராக ஏற்பளிக்கப்பட்டார். மறு ஆண்டு, முப்பது வயதில், மீண்டும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த ஜான் ஹண்டரின் அறுவை மருத்துவ விரிவுரைகளைக் கேட்கப் போனார். ஹண்டர் மாபெரும் அறிஞர். ஆனால் பேச்சாளர் அல்லர். எழுதி வைத்த தாள்களைப் பார்த்துப் படிப்பார் என்பது அவரிடம் பயின்றவர்கள் சொல்லி வைத்துள்ள செய்தி. பார்க்கின்சன் சுருக்கெழுத்து அறிந்தவர். ஹண்டர் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து விரித்து எழுதி வைத்தார். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சுருக்கெழுத்துக் கற்க வேண்டும் என்று பின்னாளில் 1800இல் மாணவர்களுக்காக எழுதிய நூலிலும் வற்புறுத்தினார். விரிவுரையாளரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பக்கத்து நண்பனின் ஏட்டை எட்டிப் பார்க்கும் நம்மவர்கள் கவனிக்க!

இந்தச் சுருக்கெழுத்தின் அருமை நெடுநாள் கழித்தே தெரிந்தது. ஹண்டர் இறந்த பிறகு அவருடைய கையெழுத்துப் படிகள் மைத்துனர் எவரார்டு ஹோம் என்பவரின் பொறுப்பில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை அவர் 1823இல் தீயிட்டுவிட்டார். பார்க்கின்சன் எழுதி வைத்தவையோ பத்திரமாக இருந்தன. அவருடைய மகன் அவற்றை 1833இல் நூலாக வெளியிட்டார். சொற்கள் பிழைத்தன. எந்தச் சொல்லை ஹண்டர் அழுத்திச் சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை மட்டும் எந்தச் சுருக்கெழுத்தாலும் காப்பாற்ற முடியாது. தாத்தா படித்த நாளிதழ்கள் எங்கள் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாய் இருக்கின்றன. படித்த குரல் அவற்றில் இல்லை.

இனி அரசியலுக்கு வருவோம். வரலாற்று மாணவன் இதை விட்டுவிட முடியாது. 1789இல் பிரான்சு நாட்டில் புரட்சி வெடித்தது. ஆங்கில நாட்டில் அதை வரவேற்றவரும் உண்டு, அஞ்சியவரும் உண்டு. எட்மண்ட் பர்க் தம் நூலில் பாமர மக்களைப் பன்றிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதியது பெரும் சினத்தைக் கிளப்பியது. பார்க்கின்சன் முதிய ஹூபர்ட் என்ற புனைபெயரில் அந்தப் பன்றிக் கூட்டத்தின் சார்பில் பதில் எழுதினார். வயது வந்த ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை, ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் என்பவற்றைக் கேட்ட இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தில் உறுப்பினரானார். இரத்தம் சிந்தாப் புரட்சி பற்றி 1794இல் ஒரு சிறுநூல் எழுதினார். அதே ஆண்டு, விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழி செய்யும்படி அரசு ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்திருந்தது. எழுதியவர் தலைக்கு மேல் கத்தி தொங்கிய காலம் அது.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு விந்தையான வழக்கு எழுந்தது. நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் காற்றுத் துப்பாக்கியால் நச்சு அம்பெய்து கொல்லச் சங்கத்தார் சிலர் திட்டமிட்டதாக ஓர் ஒற்றன் சொன்னான். சிலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சாதகமாகப் பேசப் பார்க்கின்சன் தாமாகவே முன்வந்தார். தலைமை அமைச்சர் பிட் உள்ளிட்ட மன்னர் மன்றத்தார் முன்னே நின்றார். தமக்கே கேடு விளைவிக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை என்று உறுதி பெற்ற பின்பே வாய் திறந்தார். முதிய ஹூபர்ட் தாமே என்று ஒப்புக்கொண்டார். வைத்தியத் தொழிலும் குடும்பமும் உள்ள ஒருவர், நண்பர்களுக்காக இப்படிப் போய் நின்றது சிறிய செய்தியன்று. வழக்கு கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அதே சங்கத்தின் பெரும் பேச்சாளர் ஜான் தெல்வால். அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1794இல் கூண்டில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். அவர் பின்னாளில் அரசியல் மேடையை விட்டு இறங்கித் திக்குவாய் உள்ளவர்களுக்கும் பேச்சுக் குறை உள்ளவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரானார். பேச்சுக்கும் ஒரு தாளம் உண்டு, அந்தத் தாளத்தைப் பிடித்துக் கொடுத்தால் நாக்கு பின்னால் வரும் என்பது அவர் கொள்கை. 1810இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். ஒரே சங்கத்தில் இருந்த இருவரில் ஒருவர் பேச்சின் தாளத்தைத் தொழிலாக்கிக்கொண்டார்; மற்றவர் அந்தத் தாளம் தானே குலைந்துபோகும் நோயை எழுதினார். நூலகத்தில் இதைக் கண்ட நாளன்று நான் பேருந்தைத் தவறவிட்டேன்.

பார்க்கின்சனின் ஆசை முழுவதும் வேறோர் இடத்தில் இருந்தது. அது கற்களில் உறைந்த பழைய உயிர்கள். நோயாளிகளைப் பார்த்து ஓய்ந்த நேரத்தில் சிப்பிகளையும் எலும்புகளையும் சேர்த்தார். 1804 முதல் 1811 வரை மூன்று பெருந்தொகுதிகளாகத் தொல்லுயிர் எச்சங்களைப் பற்றி எழுதினார். 1807இல் இலண்டனில் ஒரு விடுதியில் கூடிப் புவியியற் கழகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அரியலூர்ப் பக்கம் சுற்றுலா போன நண்பர்கள் சுருள் சுருளாய்க் கிடக்கும் அம்மோனைட்டு என்னும் கல்லுருவைப் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் ஒரு வகைக்கு இன்றும் பார்க்கின்சோனியா என்று பெயர். உயிரோடு இருந்த நாளில் அவருக்குப் புகழ் தேடித் தந்தவை இந்தக் கற்களே. இவை தவிர, கீல்வாதம் பற்றி எழுதினார். அந்த நோயில் அவரே துன்பப்பட்டவர். மனநோயாளிகளைக் காப்பதற்கான சட்டத்தைப் பற்றி எழுதினார். 1812இல் மகனோடு சேர்ந்து, குடல்வால் துளைபட்டு இறந்த சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். எதையும் விட்டுவைக்காத மனிதர்!

1817. பார்க்கின்சனுக்கு அறுபத்திரண்டு வயது. அறுபத்தாறு பக்கமுள்ள சிறிய நூல் ஒன்றை வெளியிட்டார். நடுக்குவாதம் பற்றிய கட்டுரை என்பது அதன் பெயர். அதில் அவர் காட்டியவர்கள் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேரில் எல்லாரும் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர். இருவரைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். மற்றொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. வீதியில் போகிறவர்களை நாமும் பார்க்கிறோம். குனிந்து, குறுகி, தள்ளாடிப் போகும் முதியவரைக் கண்டால் வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பார்க்கின்சன் நின்றார், பேச்சுக் கொடுத்தார், என்றைக்குத் தொடங்கியது, எந்தக் கையில் தொடங்கியது என்று விசாரித்தார்.

தெருவில் கண்ட அவ்விருவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவருக்கு அறுபத்திரண்டு வயது. பார்க்கின்சன் நூல் எழுதியபோது அவருக்கிருந்த அதே வயது. நீதிபதி அலுவலகத்தில் ஊழியராக வாழ்நாளைக் கழித்தவர். அப்போது ஏழைகள் விடுதியில் இருந்தார். கை, கால் எல்லாம் ஆடின, உடல் வளைந்திருந்தது, முன்னங்காலில் நடந்தார், கைத்தடி இல்லாவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் விழுந்திருப்பார். அவருடைய பேச்சு மிகவும் தடைபட்டுத் தடைபட்டு வந்தது என்பதையும் பார்க்கின்சன் குறித்தார். குடித்துக் கெட்டதால் வந்த நோய் என்று அந்த மனிதர் தம்மையே நொந்துகொண்டார். மற்றொருவர் கப்பலோட்டி, கட்டுமரம்போல் உடம்பு. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் பல மாதம் ஈரத்தரையில் கிடந்ததால் வந்த நோய் என்பது அவர் முடிவு. தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தாலொழிய அவரால் நகர முடியவில்லை. ஐந்தாறு அடிக்கு ஒருமுறை தடியை ஊன்றித் தம்மை நிமிர்த்திக்கொண்டார். இருவர் சொன்ன காரணமும் தவறு. இருவரும் பட்ட துன்பம் ஒன்று. வெவ்வேறு கதை சொன்ன அந்த மனிதர்களுக்கு நோய் ஒன்றே என்று கண்டதுதான் அந்த நூலின் பெருமை.

ஓய்ந்திருக்கும் கையில் நடுக்கம், தசைகளின் வலிமைக் குறைவு, முன்பக்கம் சாய்தல், நடை தானாகவே ஓட்டமாக மாறுதல், நோய் முற்றும்போது சொற்கள் பிறருக்கு விளங்காத அளவுக்குப் பேச்சுத் தேய்தல். இவற்றையெல்லாம் ஒரு கோவையில் கோத்தார். புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் எழுதினார். இன்றைய மருத்துவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை அப்படியே ஏற்பதில்லை. நினைவும் கவனமும் தளர்வதுண்டு, மனச்சோர்வும் வருவதுண்டு என்கிறார்கள். கழுத்தில் இரத்தம் எடுக்க வேண்டும், கொப்புளம் உண்டாக்க வேண்டும் என்று அவர் சொன்ன வைத்தியமும் இன்று செல்லாது. நோயின் இருப்பிடம் முதுகுத்தண்டின் மேற்பகுதி என்று அவர் கருதியதும் சரியன்று. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்பதை முன்னுரையிலேயே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆனால், ஆடும் உடம்புக்குள்ளே ஆடாத மனம் ஒன்று இருக்கிறது என்று தெருவில் நின்று கண்டுகொண்டாரே, அதை நாங்கள் எங்கள் வீட்டுக்குள் ஓராண்டாகக் காணவில்லை.

நூலுக்கு உடனே பெரிய வரவேற்பு எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டு போல உறங்கியது. பாரிசு நகரில் சால்பெட்ரியே மருத்துவமனையில் இருந்த ஷார்கோ என்னும் பெருமருத்துவர் அதைத் தேடிப் படித்தார். இந்த நோயாளிகள் எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதில்லை, இது உண்மையான வாதமும் அன்று, எனவே நடுக்குவாதம் என்ற பெயர் பொருந்தாது என்று கண்டு, பார்க்கின்சனின் பெயரையே நோய்க்குச் சூட்டினார். பேச்சை அவர் இன்னும் கூர்ந்து கவனித்தார். குதிரையேற்றம் பழகாதவன் துள்ளிப் போகும் குதிரைமேல் உட்கார்ந்து பேசினால் சொல் எப்படி உடைந்து உடைந்து வருமோ, அப்படி வருகிறது என்று ஒப்பிட்டார். 1919இல் திரெத்தியாக்கோவ் என்பவர் மூளையின் நடுப்பகுதியிலுள்ள கருநிறத் திட்டில் உயிரணுக்கள் அழிந்திருப்பதை எடுத்துக் காட்டினார். அந்த அணுக்கள் சுரக்கும் டோபமின் என்னும் பொருளின் குறைவே இந்நோயின் இயக்கத் தடைக்கு முதற்காரணம் என்பது 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாயிற்று.

பேச்சுக்கும் இந்தக் கருநிறத் திட்டுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நடப்பது போலத்தான் பேசுவதும். நெஞ்சுக்கூடு, குரல்வளை, நாக்கு, உதடு என எத்தனையோ தசைகள் நொடிக்குப் பலமுறை அளவறிந்து அசைந்தால்தான் ஒரு சொல் வெளியே வரும். ஒரு சொல்லை அழுத்த வேண்டுமானால் அந்த இடத்தில் மூச்சைக் கூட்டுகிறோம், சுருதியை ஏற்றுகிறோம், ஒலியைச் சற்று நீட்டுகிறோம். எண்ணிச் செய்வதில்லை, தானே நடக்கிறது. அப்படித் தானே நடப்பதற்கு வேண்டிய அளவை அமைத்துக் கொடுப்பதில் டோபமினுக்குப் பெரும் பங்கு உண்டு. அது குறைந்தால் எல்லா அசைவும் சிறுத்துப்போகிறது. அடி சிறுக்கிறது, கையெழுத்து சிறுக்கிறது, முகத்தின் அசைவு சிறுக்கிறது. குரலின் ஏற்றமும் இறக்கமும் அவ்வாறே சிறுத்து, மேடும் பள்ளமும் இல்லாத சமவெளியாகிவிடுகின்றன.

அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டார்லி, அரான்சன், பிரவுன் என்னும் மூவர் 1969இல் நரம்பு நோயாளிகள் 212 பேரின் பேச்சுப் பதிவுகளை 38 கூறுகளாகப் பிரித்துக் கேட்டு ஆராய்ந்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளிடம் மேலோங்கி நின்றவை ஒரே சுருதி, குறைந்த அழுத்தம், ஒரே உரப்பு என்பவை. மெய்யெழுத்துகள் மழுங்கின. நிறுத்தக் கூடாத இடத்தில் மௌனம் வந்தது; பிறகு சில சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விரைந்தன. அந்தக் கப்பலோட்டியின் நடையை நினைத்துப் பாருங்கள்! கால் ஓட்டமாய் மாறியது போலவே நாவும் ஓட்டமாய் மாறுகிறது.

இன்னொன்றும் உண்டு; எங்கள் வீட்டுச் சச்சரவுக்கு விடை அதில்தான் இருந்தது. தன் குரல் சிறுத்துவிட்டதை நோயாளி பெரும்பாலும் உணர்வதில்லை. தாம் வழக்கம்போலப் பேசுவதாகவே அவருக்குப் படுகிறது. சரியான உரப்புக்குக் கொண்டுவந்தால் கத்துகிறோமோ என்று கூசுகிறார். எங்களுக்குக் காது மந்தம் என்று தாத்தா சொன்னது குறும்புமன்று, கோபமுமன்று. அவர் காதில் அவர் படிப்பகத்துக் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார். என்னிடம் மிக்க மகிழ்ச்சி என்று சொன்ன அன்றும் அப்படித்தான்.

வியன்னா நகரில் பிர்க்மாயரும் ஹோர்னிகேவிச்சும் 1961இல் லெவோடோபா என்னும் மருந்தை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்திய முடிவை வெளியிட்டார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எழுந்தார்கள், நடந்தார்கள். ஒலியற்றுப் போன பேச்சும் தெளிவாக வந்தது என்று எழுதினார்கள். இந்த லெவோடோபா நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையில் இருக்கிறது. அதை அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்ததை 1937இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். அப்போது அதற்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு எவருக்கும் தெரியாது. இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலியைத் தேடிப் போக வேண்டாம். மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மேலும், கை கால்களுக்குக் கிடைக்கும் அளவுக்குப் பேச்சுக்கு இந்த மருந்தால் பயன் கிடைப்பதில்லை. தாத்தாவுக்கும் நடை தேறியது. குரல் அவ்வளவாகத் தேறவில்லை.

அதற்குப் பயிற்சி வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்னும் நோயாளிப் பெண்மணியின் பெயரால் ஒரு பயிற்சி முறை உருவாயிற்று. வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நான்கு வாரம். அதன் சாரம், உரக்கப் பேசு என்ற ஒரே கட்டளை. உரப்பு கூடினால் சுருதியும் உச்சரிப்பும் கூடவே எழுந்து நிற்கின்றன. எங்களுக்கு வாய்த்த பேச்சுப் பயிற்சியாளர் அம்மையார் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பேசுங்கள் ஐயா என்று தாத்தாவிடம் சொன்னார். தாத்தா தாமாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். கட்டிலின் சட்டத்தில் விரலால் தட்டி, ஒரு தட்டுக்கு ஒரு சீராகப் பேசினார். வெண்பாவுக்குப் போட்ட தாளம் காய்கறி வாங்கச் சொல்வதற்கும் உதவியது.

ஒரு செய்தியை நான் வெகுநாள் கழித்தே கவனித்தேன். ஆங்கிலேயர் குரலை உயர்த்திச் செய்யும் பல வேலைகளைத் தமிழில் இடைச்சொற்களே செய்துவிடுகின்றன. நீ வந்தாய் என்பதை வினாவாக்க ஓர் ஆகாரம் போதும். ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டவும் உறுதி கூறவும் ஏகாரம் இருக்கிறது. தொல்காப்பியர் அதன் பொருள்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார். பேச்சில் தான் என்பது இருக்கிறது. குரல் தட்டையாகிப் போன பிறகு தாத்தாவின் பேச்சில் ஏகாரமும் தானும் முன்னைவிட மிகுந்துவிட்டன. இன்றே வா என்பார், உன்னைத்தான் என்பார். அறிந்து செய்தாரா, நாற்பது ஆண்டு இலக்கணம் நடத்திய பழக்கம் தானாகக் கைகொடுத்ததா, எனக்குத் தெரியாது. பாசத்துக்கும் கேலிக்கும்தான் தமிழில் இடைச்சொல் இல்லை. அவற்றைக் குரல்தான் சுமக்க வேண்டும்.

பார்க்கின்சனின் முடிவைச் சொல்லாமல் விட்டேன். 1824 திசம்பரில் அவருக்கு மூளை இரத்தக் குழாய்க் கோளாறால் பக்கவாதம் வந்தது. பேச்சு கெட்டது. அதே மாதம் 21ஆம் நாள் காலமானார். பிறர் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தவர், அமைச்சர்கள் முன் அளந்து பேசியவர், சொந்தப் பேச்சை இழந்து இறந்தார். ஷோர்டிச் பகுதியில் புனித லெனார்டு தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். எந்தக் குழி என்பதற்கு இன்று அடையாளம் இல்லை. அவர் சேர்த்த கற்கள் பிறகு ஏலத்தில் சிதறிப்போயின. அவர் உருவப்படமும் இல்லை. பார்க்கின்சன் என்று சொல்லிச் சில இடங்களில் தாடியுள்ள ஒருவரின் ஒளிப்படத்தைப் போடுகிறார்கள். டாகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே நம் மருத்துவர் இறந்துவிட்டார். வரலாறு படிப்பதில் இப்படியும் ஒரு பயன் உண்டு. அவர் பிறந்த ஏப்ரல் 11ஐ உலகப் பார்க்கின்சன் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுப்பதற்கு முதல் நாள் மாலை, திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். தெருவில் கண்ட கப்பலோட்டி வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். முடித்ததும் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டி, இரண்டு இடங்களில் ஒற்று விட்டிருக்கிறாய், வரலாற்றுத் துறைக்கு இது போதும் என்றார். முகம் அசையவில்லை. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. முன்பானால் எழுந்து போயிருப்பேன். தாத்தா, கோபமாகச் சொல்கிறீர்களா, கேலி செய்கிறீர்களா என்று கேட்டேன். கேலிதான் என்றார்.